கண்ணுக்கு வேன் வருது, காதுக்கு யாரு வருவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல மாவட்டப் பக்கத்துல ஒரு போட்டோ போட்டிருந்தீங்க, ஒரு மண்டபத்துல பெரியவங்களுக்கு இலவசமா காது மிஷின் குடுத்தாங்கன்னு. குடுத்தது நல்ல விஷயம், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா மிஷினோட பாடு எல்லாம் போட்டோ எடுத்து முடிச்ச பிறகுதான் ஆரம்பிக்குது, அத யாரும் எழுதுறதே இல்ல, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும், இடம் இல்லன்னு வெட்டினாலும் மிஷினுக்குப் போடுற செல்லு (பேட்டரி) விஷயத்த மட்டும் வெட்டிராதீங்க.

நான் உசிலம்பட்டி பக்கம் ஒரு இ-சேவை மையம் நடத்துறேன். முதியோர் பென்ஷன், வருமானச் சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான யூ.டி.ஐ.டி. கார்டு, இதெல்லாம் அப்ளை பண்ண பெரியவங்க தினமும் வருவாங்க. ஒரு கேரி பேக்குல ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், எல்லாத்துக்கும் அடியில ஒரு சின்ன டப்பா. தொறந்தா உள்ள காது மிஷின். "தாயி, இது வேல செய்யல, கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் பண்ண முடியுமா"ன்னு கேப்பாங்க. என்கிட்ட எதுக்கு கேக்குறாங்கன்னா வேற யார்கிட்ட கேக்குறதுன்னு அவங்களுக்குத் தெரியாது, குடுத்துட்டுப் போன முகாம்காரங்க நம்பரும் இருக்காது.

நம்ம மதுரைப் பக்கம் கண்ணுக்கு எப்படி இருக்குன்னு பாருங்க. ஊர்ல ஏதாவது ஒரு ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமை கண் முகாம்னு போர்டு வைக்கிறாங்க, ஆட்டோவுல மைக் கட்டி சொல்லிட்டுப் போறாங்க, லயன்ஸ் கிளப்போ ரோட்டரியோ ஊர்ப் பெரிய மனுஷரோ செலவ ஏத்துக்கிறாங்க, புரை இருக்கிறவங்கள அன்னைக்கே வண்டியில ஏத்தி மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி, லென்ஸ் வச்சு, சாப்பாடு போட்டு, கருப்புக் கண்ணாடி மாட்டி திரும்ப ஊர்லயே கொண்டாந்து எறக்கி விட்டுர்றாங்க, கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி வந்து செக் பண்ணவும் பண்றாங்க. இது தானா வந்ததில்ல. வடமலாபுரத்துல பொறந்த டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்துல வெரல் எல்லாம் கோணிப்போன மனுஷன், அரசு வேலையில இருந்து ரிட்டயர் ஆகி 1976ல வெறும் 11 படுக்கைய வச்சு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சாரு. வெளிநாட்டு லென்ஸ் வெல கட்டுப்படியாகலன்னு 1992ல மதுரையிலயே ஆரோலேப்னு வச்சு லென்ஸ செஞ்சே காட்டினாங்க. பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்கள எடுத்து ரெண்டு வருஷம் பழக்கி, கண் டெஸ்ட்டு, ஆபரேஷன் உதவி, நோயாளிகிட்ட பேசிப் புரிய வைக்கிறது எல்லாத்தையும் அவங்க கையில குடுத்தாங்க. டாக்டர் கெட்டிக்காரத்தனம் ஒரு பக்கம், ஆனா பாதி வேல ஊரு செஞ்சது. எடம் குடுத்தவங்க, சாப்பாடு போட்டவங்க, "அப்பத்தா பயப்படாத, நானும் கூட வர்றேன்"னு வண்டியில ஏறுன பக்கத்து வீட்டுக்காரங்க.

காதுக்கு இதுல கால்வாசி கூட கெடையாது. அரசாங்கக் கணக்குலயே பாருங்க, கண்பார்வை இழப்பத் தடுக்க தேசியத் திட்டம் வந்தது 1976, காது கேளாமைக்கு வந்தது 2007. முப்பது வருஷத்துக்கு மேல இடைவெளி. அதுக்குள்ள ஒரு தலைமுறையே "வயசானா காது அடைக்கத்தான் செய்யும்"னு திண்ணையில உக்காந்து போய்ச் சேந்துருச்சு. 60 வயசு தாண்டினவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு மேல வாழ்க்கைய பாதிக்கிற அளவு காது கேக்காதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம தெருவுல எண்ணிப் பாத்தாலே தெரியும்.

மிஷின் குடுக்குற திட்டம் இல்லாம இல்ல. 1981ல இருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் குடுக்குற மத்திய அரசோட ஏ.டி.ஐ.பி. திட்டம் இருக்கு, 2017ல ஏழை முதியோருக்குன்னே வயோஸ்ரீ திட்டம் வந்துச்சு, மாநில அரசும் குடுக்குது, சின்னப் புள்ளைங்களுக்கு காப்பீட்டுத் திட்டத்துல உள்காதுல கருவி வைக்கிற காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன் கூட பண்றாங்க. ஆனா புரை ஆபரேஷன் மாதிரி ஒரு நாள்ல முடியுற சமாச்சாரம் இல்ல இது. புரைய எடுத்து லென்ஸ் வச்சா முடிஞ்சுச்சு, அந்த லென்ஸுக்கு செல்லு போட வேண்டாம், டியூனிங் வேண்டாம், ஆயுசு முழுக்க கெடக்கும். காது மிஷின் குடுத்த அன்னைக்குத்தான் வேலையே ஆரம்பம். கண்ணுக்கு ஆள் வேண்டியது நாலு நாள், காதுக்கு ஆள் வேண்டியது வருஷம் பூராவும்.

செல்லுக்கு வர்றேன். இந்த மிஷினுக்குப் போடுற செல்லு சாதா செல்லு இல்ல, காத்துல ஓடுறது. மேல ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அத உரிச்சா அடியில சின்ன ஓட்டை, அது வழியா காத்து உள்ள போனாத்தான் கரன்ட் வரும். ஆரஞ்சு ஸ்டிக்கர்னா 13 நம்பர், நீலம்னா 675 நம்பர். உரிச்ச நிமிஷத்துல இருந்து செல்லு செலவாக ஆரம்பிச்சுரும், மிஷின்ல போட்டாலும் போடலைன்னாலும். திரும்ப ஒட்டி வச்சாலும் பெருசா புண்ணியம் இல்ல. சைஸயும் மிஷினையும் பொறுத்து ஒரு வாரத்துல இருந்து ரெண்டு மூணு வாரம் வரைக்கும் வரும், அவ்வளவுதான். இத அந்த மேடையில யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா? என் கடைக்கு வந்த ஒரு அப்பத்தா, சுத்தமா இருக்கணும்னு அட்டையில இருந்த ஆறு செல்லுலயும் ஸ்டிக்கர உரிச்சு ஒரு விபூதி டப்பாவுல போட்டு பத்திரமா வச்சிருந்துச்சு. அடுத்த மாசம் எடுத்துப் போட்டா ஒண்ணும் ஓடல. மிஷின் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணி பீரோவுல வச்சாச்சு. இன்னொரு தாத்தா, பேரனுக்கு விவரம் தெரியும்னு அனுப்பி விட, அவன் வாட்ச் கடையில அச்சு அசலா அதே சைஸ்ல ஒரு செல்லு வாங்கியாந்து போட்டிருக்கான், அது கரகரன்னு கொஞ்ச நேரம் கேட்டுட்டு நின்னுருச்சு. சரி, சரியான செல்லு எங்க கிடைக்கும்? எங்க ஊர் மெடிக்கல்ல ஒண்ணு ரெண்டுல கேட்டா "ஆர்டர் போட்டாத்தான் வரும்"ங்கறாங்க, இல்லன்னா மதுரை போகணும், இல்ல ஆன்லைன்ல வாங்கணும். எழுபத்தஞ்சு வயசு ஆளு ஆன்லைன்ல செல்லு வாங்குமா சார்? ராத்திரி படுக்கும்போது செல்லு மூடிய தொறந்து வச்சா மிஷின் நிக்கும், உள்ள ஈரமும் தங்காது, இத சொல்ல எத்தன செகண்ட் ஆகும்? அப்புறம் வீட்ல குழந்தைங்க இருந்தா இந்த செல்லு கைக்கு எட்டவே கூடாது, முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து, அதையும் சொல்றதில்ல.

அடுத்தது காதுக்குள்ள போற மோல்டு. ஒவ்வொருத்தர் காதும் ஒவ்வொரு மாதிரி, அளவெடுத்து அச்சு செஞ்சு போட்டாத்தான் கெட்டியா உக்காரும். முகாம்ல அவசரத்துக்கு பொதுவா ஒரு ரப்பர் மூடிய மாட்டி அனுப்பினா அது இடைவெளி விடும், வெளிய கசியுற சத்தம் திரும்ப மைக்குல போயி "கூய்ய்"ன்னு விசிலடிக்கும். பக்கத்துல இருக்கிறவன் சிரிப்பான், பெரியவங்க வெக்கப்பட்டு சவுண்ட கொறைப்பாங்க, கொறைச்சா கேக்காது, கேக்காட்டி எதுக்கு மாட்டணும்னு கழட்டி வச்சுருவாங்க. இப்படித்தான் மிஷின் டப்பாவுக்குள்ள போகுது.

இன்னொண்ணு வீட்ல இருக்கிறவங்களுக்குத் தெரியணும். வயசானதுல காது போறது எல்லா சத்தமும் ஒண்ணு போல கொறையுறது இல்ல. உள்காதுல மெல்லிய முடி மாதிரி உயிரணுக்கள் இருக்கு, ஒரு காதுக்கு சுமாரா 15,000, போனா திரும்ப மொளைக்காது, அதுல மொதல்ல போறது கீச்சுக் குரல், ச, ஸ, த, ஃப மாதிரி மெல்லிசா வர்ற சத்தத்தப் பிடிக்கிறது. ஆ, ஓ மாதிரி உசிரெழுத்து நல்லாவே கேக்கும். அதனால ஆள் பேசுறாங்கன்னு தெரியும், என்ன பேசுறாங்கன்னு புரியாது. "பத்து"ன்னியா "பட்டு"ன்னியான்னு மூளைதான் குத்துமதிப்பா நெரப்பிக்கணும், மூஞ்சியப் பாத்தாத்தான் அது நடக்கும். மருமகளுங்க நெறைய பேர் சொல்லுவாங்கள்ல, "எங்க அத்தைக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது, பாம்புச்செவி"ன்னு, அது நடிப்பு இல்லம்மா. ரூமுக்குள்ள எதுக்க உக்காந்து மெதுவா பேசுனா கேக்கும், அடுப்படியில குழாய் ஓடிக்கிட்டு மிக்ஸி ஓடிக்கிட்டு முதுகக் காட்டி நீ பேசுனா கேக்காது, அவ்வளவுதான் விஷயம். கத்துனாலும் பிரயோஜனம் இல்ல, கத்துறப்ப உசிரெழுத்துதான் பெருசாகும், வாய் கோணும், பாக்குறவங்களுக்கு நீ திட்டுற மாதிரி தெரியும். மூஞ்சியில வெளிச்சம் படுற மாதிரி நின்னு, கொஞ்சம் நிதானமா, புரியலைன்னா அதே வார்த்தையவே பத்து தடவ கத்தாம வேற மாதிரி மாத்திச் சொல்லிப் பாருங்க.

ஒரு அம்மா புரை ஆபரேஷன் முடிஞ்சு வந்து என்கிட்ட "கண்ணு தெளிஞ்சதுல காதும் கொஞ்சம் கேக்குது தாயி"ன்னுச்சு. கடையில இருந்தவங்க சிரிச்சாங்க. ஆனா நெசம்தான், இப்ப அதுக்கு நம்ம வாய் தெரியுது.

மிஷின் மாட்டுன மொத வாரத்துல தட்டு விழுகுற சத்தம், குக்கர் விசில், ஃபேன் சத்தம் எல்லாம் தலைக்குள்ள இடிக்கிற மாதிரி இருக்கும். வருஷக்கணக்கா கேக்காத சத்தத்த மூளை மறந்துபோயிருக்கும், பழகணும். தினம் ஒரு மணி நேரம், அமைதியான எடத்துல, ஒரு ஆள்கூட மட்டும் பேசின்னு ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமா கூட்டணும். மாட்டுன அன்னைக்கே கல்யாண வீட்டுக்குப் போட்டுட்டுப் போனா அன்னைக்கே கழட்டி எறிஞ்சுருவாங்க. சொல்றதுக்கு ஆள் இல்லாததுதான் இதுக்கெல்லாம் காரணம், மிஷின் மேல தப்பு கம்மி.

சட்டத்துலயும் ஒரு சந்து இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் 60 டெசிபல் (சத்தத்த அளக்குற கணக்கு) அளவுக்கு இழப்பு இருந்தாத்தான் கேட்கும் திறன் குறைஞ்சவங்கன்னு கணக்கு, 70ன்னா காது கேளாதவர். அம்பது, அம்பத்தஞ்சுல நிக்கிறவங்க? காது டெஸ்ட் ரிப்போர்ட்டு, ஆடியோகிராம்னு சொல்லுவாங்க, அத எடுத்துட்டு வருவாங்க, நான் அத பாத்துட்டு "இதுக்கு கார்டு கிடைக்கிறது கஷ்டம் தாத்தா"ன்னு சொல்லணும், அவருக்கு நான் சொல்றதே கேக்காது, பேப்பர்ல எழுதிக் காட்டணும். கார்டு இல்லன்னா மாற்றுத்திறனாளி கணக்குல மிஷின் கிடையாது. வெளிய வாங்குனா ஒரு காதுக்கே ஆயிரக்கணக்குல, நல்லதுன்னா பல பத்தாயிரம். கண்ணாடி வாங்க யாரும் மாற்றுத்திறனாளி கார்டு கேக்குறது இல்லையே.

ஊருக்குள்ள நாம நடந்துக்கிறதுலயும் மாறணும். ஒரு கண் முகாம்லயே நான் பாத்தது இது, எந்த முகாம்னு சொல்லல, நல்லது பண்றவங்கதான். ஆபரேஷனுக்கு தேர்வானவங்க பேர ஒரு தம்பி வாசல்ல நின்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தான், மாஸ்க் வேற போட்டிருந்தான். ஒரு பெரியவர் தூணுக்குப் பக்கத்துல உக்காந்து தன் முறைக்காக காத்துக்கிட்டே இருக்காரு, அவர் பேர மூணு தடவ கூப்புட்டு "ஆள் போயிட்டாரு போல"ன்னு அடுத்த பேருக்குப் போயிட்டாங்க. வண்டி கெளம்புறப்பதான் அவரு எந்திரிச்சு வந்து கேக்குறாரு. நல்லவேளை, டிரைவர் அவசரப்படாதவரு, நிறுத்தி ஏத்திக்கிட்டாரு. சட்டைப் பையில ஒரு நம்பர் சீட்டு குத்தி விட்டு, போர்டுல நம்பர எழுதுனா முடிஞ்சுச்சு. ஆஸ்பத்திரி ஓ.பி., ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், பேங்க் எல்லா எடத்துலயும் இதே கதைதான், பேரு கூப்புடுற எடம் எல்லாம் காது கேக்காதவங்க பின்னாடி தள்ளப்படுற எடம். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும்.

என் கடையில நான் பண்றது, போன்ல லைவ் டிரான்ஸ்கிரைப்னு கூகுள் ஆப் ஒண்ணு இருக்கு, காசு இல்ல, அத தொறந்து டேபிள்ல வச்சுருவேன், நான் பேசப்பேச தமிழ்ல எழுத்தா ஓடும். நம்ம ஊர் பேச்சு பேசுனா சில சமயம் கன்னாபின்னான்னு எழுதும், நிதானமா பேசுனா பரவாயில்ல. படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு பெரிய உதவி. படிக்கத் தெரியாத அப்பத்தாக்களுக்கு என்ன பண்றதுன்னா அவங்களுக்கு பழைய வழிதான், எந்திரிச்சு சுத்தி வந்து பக்கத்துல உக்காந்து மூஞ்சியப் பாத்துப் பேசுறது. கூட்டமா இருந்தா லைன்ல நிக்கிறவங்க மொறைப்பாங்க, மொறைக்கட்டும்.

சரி, என்ன பண்ணச் சொல்றேன்னு கேப்பீங்க. கண்ணுக்குப் பண்ண அதே வேலைய காதுக்கும் பண்ணுங்கன்னுதான் சொல்றேன். காது கேக்குற டெஸ்ட்டு, மிஷின் ரிப்பேர், மோல்டு செய்யுறது இதுக்கெல்லாம் டிப்ளமோ படிப்பே இருக்கு, மைசூர்ல பேச்சு, கேட்புத்திறனுக்குன்னே மத்திய அரசு நிறுவனம் அம்பது வருஷத்துக்கு மேல நடக்குது. ஒன்றியத்துக்கு ஒரு பொண்ணையோ பையனையோ படிக்க வச்சு கொண்டாந்தா போதும், டாக்டர் மாசம் ஒரு தடவ வந்தாலும் சரி, வீடியோ கால்ல பாத்தாலும் சரி. மிஷின் குடுக்குற சங்கங்கள், கிளப்புகள், கட்சிக்காரங்க எல்லாரும், குடுத்து ஒரு மாசத்துல அதே ஆளுங்கள அதே எடத்துக்குக் கூப்புட்டு ஒரு நாள் உக்காரணும். யாரு மாட்டுறா, யாரு மாட்டல, விசிலடிக்குதா, செல்லு இருக்கா, காதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்கணும். காது அழுக்குக்கு காய்ச்சுன எண்ணெய ஊத்தாதீங்கன்னும் சொல்லணும். ஒரு காது மட்டும் திடீர்னு ஒரே நாள்ல அடைச்சுப்போனா சளின்னு விட்டுராம ரெண்டு மூணு நாளுக்குள்ள காது டாக்டர்கிட்ட ஓடணும், லேட்டானா திரும்ப வராமலே போகலாம், இதையும் அந்த மைக்குல சொன்னா எத்தனையோ பேருக்குப் புண்ணியம். செலவுன்னு பாத்தா ஒரு பொறந்த நாள் ஃப்ளெக்ஸுக்கு ஆகுற காசுல பல பேருக்கு மாசக்கணக்குல செல்லு வாங்கிக் குடுக்கலாம். மேடைக்கு மட்டும் வர்ற தர்மம் எனக்குப் பிடிக்கல, சொன்னா கோவம் வரும், வரட்டும்.

உங்க பேப்பர் பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. இன்றைய நிகழ்ச்சிகள்னு ஒரு பெட்டி போடுறீங்கள்ல, அதுல காது மிஷின் வழங்கும் விழான்னு யாராவது அனுப்புனா, மறுபடி செக் பண்ற தேதி என்னன்னு அவங்ககிட்ட கேட்டு அதையும் சேத்துப் போடுங்க. தேதி இல்லன்னு சொன்னா "தேதி தரவில்லை"ன்னே போடுங்க, ரெண்டு வாட்டி போட்டா தானா தேதி வந்துரும். மெடிக்கல் ஷாப் வச்சிருக்கிறவங்களும் இத படிச்சா, 13 நம்பரும் 675 நம்பரும் ஆளுக்கு நாலு அட்டை வாங்கி வைங்க, ஸ்டிக்கர் உரிக்காம இருந்தா வருஷக்கணக்குல கெடாது, உங்களுக்கு நஷ்டம் வராது.

என் கடைக்கு ஞாயித்துக்கிழமை லீவு. டேபிள், நாலு சேரு, கரன்ட், பக்கத்துலயே பஸ் ஸ்டாப்பு, ரோட்டுச் சத்தம் வராத பின் ரூம் ஒண்ணு இருக்கு, காது டெஸ்ட் எடுக்க அந்த ரூம்தான் வசதிப்படும். மிஷின் ரிப்பேர் தெரிஞ்ச டெக்னீஷியனோ, காது டெஸ்ட் எடுக்குற ஆடியாலஜிஸ்ட்டோ மாசத்துக்கு ஒரு ஞாயிறு வர்றதா இருந்தா வாடகை வேண்டாம், மதியச் சாப்பாடு எங்க வீட்ல. யாரு மிஷின டப்பாவுல வச்சிருக்காங்கங்கற லிஸ்ட் ஏற்கனவே ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு வர்றேன், ஊர் ஊரா. இஷ்டம் இருக்கிறவங்க உங்க ஆபீஸுக்கு எழுதுனா என் முகவரி உங்ககிட்ட இருக்கு, தயவுசெஞ்சு குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் வாசகி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.